மொட்டை டயர்

மடியில் இரண்டு சைக்கிள் டயர் கிடக்கிறது. ஒன்று மொழுமொழுவென்று இருக்கிறது, விரலால் தடவினால் பாம்பு வயிறு மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. இன்னொன்று நடுவில் ஒரு கோடு மட்டும் வழவழப்பு, இரண்டு ஓரத்திலும் அரிசி அரிசியாகப் பட்டன். ஞானதுரை இரண்டையும் என் மடியில் போட்டுவிட்டு, "நல்லாத் தடவிப் பாருங்கண்ணாச்சி, பொண்ணு பாக்குற மாதிரி நிதானமாப் பாருங்க, நான் ஒரு வாய் சாப்பிட்டு வாரேன்" என்று கடைக்குப் பின்னால் போனான். பெண் பார்ப்பதை நான் எங்கே நிதானமாகப் பார்த்தேன். சீனியம்மாளைப் பார்த்தது ஒரு நிமிஷம், அதிலும் பாதி நேரம் அவள் தம்பியைத்தான் பார்த்தேன், மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தம்பிதான் கொண்டல்சாமி. இன்றைக்கு மினிபஸ்ஸுக்கு முதலாளி, டிரைவரும் அவனே. அவன் பஸ்ஸில் என் கால் படாது என்று ஊர் நடுவில் சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிறது, படவும் இல்லை. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டுகிறது. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சீனியம்மாளை மிஷினில் மாட்டினார்கள். கையில் இரண்டு ஊசி, இரண்டு குழாய், ஒன்றில் ரத்தம் வெளியே போகும், ஒன்றில் சுத்தமாகி உள்ளே வரும். நாலு மணி நேரம். மூன்று மணிக்குக் கழற்றுவார்கள். அதற்குள் நான் டயரைத் தேர்ந்தெடுத்து, மாட்டி, காற்றடித்து, அங்கே போய் நிற்க வேண்டும். டயர் சரியாக அமைந்துவிட்டால் வருகிற வெள்ளிக்கிழமை பஸ் வந்து நிற்கும்போது படிக்குக் கீழே நான் நிற்பேன். அவள் இறங்குகிறபோது பிடிப்பதற்கு என் கை இருக்கும். அதற்குத்தான் இவ்வளவும், வேறு ஒன்றுக்கும் இல்லை.

எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டிக்கு நேர் ரோடு பதினேழு கிலோமீட்டர். ஊருக்குள் வருகிற பஸ் ஒன்றே ஒன்றுதான், அது கொண்டல்சாமி பஸ். அது நேராக வராது, அஞ்சு ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர ஒரு மணி அஞ்சு நிமிஷம் ஆகும். நான் கடலைமிட்டாய் டின்னைக் கேரியரில் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் மிதித்த ரோடு இது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன். எட்டு மாதமாக இதுதான் ஏற்பாடு. செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவளை ஸ்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பஸ் வந்து நிற்கும். படி உயரம், அவளுக்கு எட்டாது. இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிவிடுவேன். என் கை பஸ்ஸுக்குள்ளே போகும், கால் போகாது. கால் படாது என்றுதானே சொன்னேன், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அவள் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறுவேன். பஸ் கிழக்கே திரும்பும், நான் நேரே போவேன். இங்கே வந்து அது நிற்கும்போது அஞ்சு நிமிஷம் முன்னதாகவே வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு நான் நிற்பேன். திரும்பும்போதும் இதேதான். ஏற்றிவிடவும் நான், இறக்கிவிடவும் நான், நடுவில் மட்டும் அவன். ஊரில் சிரித்தார்கள். டீக்கடை பேச்சிமுத்து ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டான், "என்ன தவசி, பொண்டாட்டிய பார்சல்ல போட்டுட்டு நீயே பின்னால டெலிவரி எடுக்கப் போறியாமே?" அவன் கடையில் டீ குடிப்பதை அன்றோடு விட்டேன். ஆட்டோவில் போகலாமே என்றும் சிலர் சொன்னார்கள், வாரம் இரண்டு தடவை ஆட்டோ வைக்கிற வீடா என் வீடு.

ஆடி மாதம் என் பழைய சைக்கிளுக்கு பெடல் பக்கத்தில் பிரேம் விட்டுப்போனது. பற்ற வைத்தேன், பத்தே நாளில் மறுபடி விட்டது. அப்போதுதான் இந்தக் கியர் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தேன். திருப்பூரில் வேலை பார்க்கிற மகனுக்குக் கம்பெனிக் குலுக்கலில் விழுந்தது, கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். மலையில் ஓட்டுகிற சைக்கிளாம். எங்கள் கரிசல் காட்டில் மலைக்கு எங்கே போவது, அதிக உயரம் என்றால் கண்மாய்க் கரைதான். டயரைப் பார்த்தால் டிராக்டர் டயருக்குக் கூடப்பிறந்தது மாதிரி, விரல் கணுக் கணுவாகப் பட்டன். தார் ரோட்டில் ஏறினால் ங்ஙொய்யென்று ஒரே இரைச்சல், வண்டு காதுக்குள் புகுந்துகொண்ட மாதிரி. மிதிக்கிற மிதியில் பாதியை அந்தப் பட்டன் தின்றுவிடும். ஒரு மணி நேர ரோடு ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. பஸ் வந்து இருபத்தஞ்சு நிமிஷம் கழித்து நான் வருகிறேன். அவள் ஸ்டாப்பில் கல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், பையை என்னிடம் நீட்டுவாள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

போன வெள்ளி அவளுக்குக் காலையிலிருந்தே தலை சுற்றல். இறங்கும்போது கால் நழுவிப் படியிலேயே சரிந்திருக்கிறாள். நெற்றியில் கம்பி இடித்திருக்கிறது. இதெல்லாம் நான் பார்க்கவில்லை, பூ விற்கிற பொம்பளை சொன்னாள். கொண்டல்சாமி வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, டிரைவர் சீட்டிலிருந்து குதித்து ஓடிவந்து, அக்காவை இரண்டு கையிலும் அள்ளித் தூக்கிக்கொண்டு நடந்தானாம், ஆஸ்பத்திரி வரைக்கும், பஸ்ஸில் இருந்த அத்தனை சனமும் எட்டிப் பார்க்க. அந்த நேரம் நான் எங்கே இருந்தேன், காற்றாலை பக்கம் இருந்திருப்பேன், ங்ஙொய்யென்று மிதித்துக்கொண்டு. நான் போய்ச் சேரும்போது அவள் கட்டிலில் கிடந்தாள், கால்மாட்டில் அவன் நின்றான். கையில் அவளுடைய செருப்பை வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்துவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி வெளியே போய்விட்டான். அவன் சட்டை என் சட்டையில் உரசியது, அவ்வளவு சின்ன வழி அது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "டயர் பஞ்சராயிட்டோ?" என்றாள். "ஆமா" என்றேன். பஞ்சர் ஆகவில்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தாள், அதனால் எனக்கு ஒரு பொய்யைத் தயார் பண்ணி எடுத்து நீட்டினாள், குடிக்கத் தண்ணீர் நீட்டுகிற மாதிரி. நானும் வாங்கிக்கொண்டேன். அதுதான் நாலு நாளாக உள்ளே நின்று அறுக்கிறது. அவன் தூக்கினது கூட இல்லை. தூக்கினதும் அறுக்கத்தான் செய்கிறது. மிஷினுக்கு முன்னால் அவள் நாற்பத்து நாலு கிலோ, கழற்றினபிறகு நாற்பத்தொன்றரை. ஒரு டின் முப்பது கிலோ, கேரியரில் இரண்டு டின் கட்டி நான் ஏறாத மேடு கிடையாது. அப்படி இருக்க, அவளைத் தூக்க அவன் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்தேன். டயர்தான் குற்றவாளி, டயரை மாற்றினால் சரி. வீட்டில் பழைய சைக்கிளுக்கென்று வாங்கிப் பிரிக்காமல் மாட்டிவைத்த டயர் ஒன்று பரணில் தொங்கியது, இருபத்தாறுக்கு ஒன்றரை. இந்தச் சைக்கிளும் இருபத்தாறுதான், டயரிலேயே போட்டிருக்கிறது, நான் மூன்றாம் கிளாஸ் என்றாலும் நம்பர் வாசிப்பேன். பட்டன் டயரைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் ரிம்மில் நிற்கவே இல்லை, தொளதொளவென்று, அண்ணன் டவுசரைத் தம்பிக்குப் போட்ட மாதிரி. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் நழுவுகிறது. பொழுது சாய்கிற வரை மல்லுக்கட்டினேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். இன்று காலை அதைக் கொண்டுவந்து ஞானதுரையிடம் காட்டியதும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணாச்சி, அந்த இருபத்தாறு வேற, இந்த இருபத்தாறு வேற. உங்களுது பழைய இருபத்தாறு, வளையம் பெருசு. இது புது இருபத்தாறு, வளையம் சிறுசு. பேருதான் ஒண்ணு." "பெறகு எதுக்குலே ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சான்?" "அதை வச்சவன்ட்டதான் கேக்கணும். இப்படிப் பரண்ல இருந்து எடுத்துட்டு வார ஆளு நீங்க மூணாவது ஆளு. உங்க வயசுக்காரங்க அத்தனை பேரும் பண்ற வேலை இது." என் வயசுக்காரர்கள் என்று அவன் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

எனக்கு மறதி கிடையாது. படிப்பு ஏறாத தலையில் இது மட்டும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மூன்றாம் கிளாஸில் என் சிலேட்டைப் பிடுங்கி எறிந்த வாத்தியார் செத்தபோது தேர் எங்கள் தெரு வழியாகத்தான் போனது, நான் எழுந்து நிற்கவில்லை. டின்னை இறக்கும்போது "ஏய் டப்பா" என்று என்னைக் கூப்பிட்ட கடைக்காரருக்கு அப்புறம் சரக்குப் போடவே இல்லை, அவர் மகன் வந்து கேட்டும் போடவில்லை. ஆனால் அதெல்லாம் அன்னியர்கள். கொண்டல்சாமி அப்படியா. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி வாங்கினால், மாட்டு வண்டியோ மோட்டார் வண்டியோ, அக்காவைக் கட்டினவன்தான் முதலில் ஏறி உட்கார வேண்டும். அவன் உட்கார்ந்து வண்டி பத்தடி நகர்ந்தபிறகுதான் மற்றவர்கள். கொண்டல்சாமியின் அப்பா வண்டி மாடு வாங்கினபோது அப்படித்தான் நடந்தது, அவன் தாத்தா காலத்திலும் அப்படித்தான். பஸ் வந்த அன்றைக்கு நான் புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் தெளித்து, சூடம் காட்டினார்கள். நான் ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். ரெக்சின் வாசம் அடித்தது, புதுச் செருப்பு வாசம் மாதிரி. அப்போது தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் கார் வந்து நின்றது. அவர் சொல்லித்தான் பர்மிட் கிடைத்ததாம். கொண்டல்சாமி படியில் ஏறி என் காதருகே குனிந்து, "அத்தான், கொஞ்சம் எந்திரிச்சுக்கோங்க, மொதலாளி உக்காரட்டும்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பஸ்ஸுக்கு எத்தனை சன்னல், அத்தனை சன்னலிலும் முகம். எழுந்தேன், இறங்கினேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவன் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. சீனியம்மாள் அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றாள், பாத்திரம் உரசுகிற சத்தம் கூட இல்லை, நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. அவன் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனான், ஆடு வந்து வெற்றிலையைத் தின்றது. பதினோரு வருஷத்தில் ஒருநாள் கூட அவள், அவன் பஸ்ஸில் ஏறுங்கள் என்று என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டு அவள் அழுதிருந்தால் ஒருவேளை ஏறியிருப்பேன், அவளுக்காக ஏறினேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த வழியையும் அவள் எனக்குத் திறந்துவிடவில்லை. அவள் வைராக்கியம் என் வைராக்கியத்தைவிடப் பெரியதோ என்னவோ, வெளியே தெரியாது.

ஞானதுரை வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டான். "என்னண்ணாச்சி, எது மேல மனசு சாயுது?" நான் மொழுமொழு டயரைத் தூக்கிக் காட்டினேன். "இது என்னப்பா, தேஞ்சு போனது மாதிரி இருக்கு. காசு குடுத்து மொட்டை டயர் வாங்கச் சொல்றியா? எங்கிட்ட விட்டா ஓசியிலயே மொட்டை ஆக்கித் தருவேனே." "தேஞ்ச மொட்டை வேற, பிறவி மொட்டை வேற அண்ணாச்சி. இது தார் ரோட்டுக்குன்னே செஞ்சது. பட்டன் இல்ல, அதனால இழுவை இல்ல. அகலமும் கம்மி. கல்லு மாதிரி காத்தடிச்சுரலாம், சும்மா பறக்கும்." "அப்ப இந்தா இது?" "அது ரெண்டுக்கும் ஆகும். நேராப் போனா நடுக்கோட்டுல ஓடும், மண்ணுல இறங்கினா ஓரப் பட்டன் பிடிக்கும். உங்களுக்கு இதான் பாந்தம்." ரெண்டுக்கும் ஆகும் என்றால் ரெண்டுக்கும் ஆகாது என்றுதான் அர்த்தம். இப்படி நடுவாந்திரமாக இருக்கிற எதுவும் எனக்குப் பிடிக்காது. பேசினால் பேச வேண்டும், இல்லையென்றால் இல்லை. விசேஷ வீட்டில் எதிரே பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து வேறு பக்கம் பேசுவது, அதெல்லாம் என்னால் ஆகாது. "மொட்டையே போடு" என்றேன். அவன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டே ரொம்பச் சாதாரணமாக ஒன்று கேட்டான். "பின்னால யாரும் உக்காருவாங்களா அண்ணாச்சி? கேரியர் எதுவும் மாட்டுற யோசனை இருக்கா? ஆளு உக்காந்தா மெலிஞ்ச டயர் தாங்காது, அப்ப அகலமானதுதான் போடணும்."

பின்னால் யாராவது உட்காருவார்களா. இதை நான் ஏன் யோசிக்கவே இல்லை. அறுபது கிலோ இழுத்தவன், நாற்பத்தொன்றரை கிலோவை இழுக்கமாட்டேனா. ஒரு கேரியர், அதன்மேல் தலையணையை மடித்துக் கட்டினால் போதும், பஸ்ஸும் வேண்டாம் படியும் வேண்டாம் கொண்டல்சாமியும் வேண்டாம், வாசலில் ஏற்றி வாசலில் இறக்கலாம். கல்யாணம் ஆன புதிதில் அப்படித்தான் போனோம், ஒருசாய்த்து உட்கார்ந்து என் இடுப்புச் சட்டையைப் பிடித்துக்கொள்வாள், பள்ளத்தில் விழுந்தால் முதுகில் ஒரு குத்து விடுவாள். நினைக்கும்போதே காலில் தெம்பு வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம் அவள் இடது கை ஞாபகம் வந்தது. ஊசி போடுவதற்கென்று நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, அந்தக் கை. தொட்டால் உள்ளே பூனை உறுமுகிற மாதிரி அதிரும். அதை இறுக்கக் கூடாது, அதன் மேல் பாரம் படக்கூடாது, அடிபட்டால் ரத்தம் நிற்காது. அந்தக் கையால் எதைப் பிடிப்பாள். மிஷினிலிருந்து கழற்றினதும் அரைமணி நேரம் தலை நிற்காது அவளுக்கு. பதினேழு கிலோமீட்டர் வெயிலில், பிடிமானம் இல்லாமல், என் முதுகுக்குப் பின்னால் அவள் சரிந்தால்கூட எனக்குத் தெரியாது. முன்னால் பார்த்து மிதித்துக்கொண்டே போவேன், திரும்பிப் பார்க்கும்போது கேரியரில் தலையணை மட்டும் இருக்கும். வேண்டாம். "யாரும் உக்காரமாட்டாங்க" என்றேன். "அப்ப மொட்டைதான் சரி" என்று ஞானதுரை பட்டன் டயரை நெம்பிக் கழற்றிச் சுவரோரம் எறிந்தான். அது ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது.

இரண்டு சக்கரத்துக்கும் மாட்டி, சுற்றிவிட்டு, கோணல் பார்த்து, காற்றடித்து, கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னான். கல்லேதான். "ரயில்வே கேட்டு வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வாங்க, பெறகு சொல்லுங்க." ஏறினேன். முதல் மிதியிலேயே தெரிந்தது. யாரோ பின்னால் கட்டியிருந்த கயிற்றை அறுத்துவிட்ட மாதிரி இருந்தது. சைக்கிள் என் காலைக் கேட்கவில்லை, தானாகப் போனது. ரோட்டில் ஒரு இரைச்சல் இல்லை, ஒரு அதிர்வு இல்லை, எண்ணெய் மேல் போகிற மாதிரி. வெள்ளிக்கிழமை பார்க்கட்டும் கொண்டல்சாமி என்று நினைத்தேன். பஸ் வந்து நிற்கும், கதவு திறக்கும், கீழே நான் நிற்பேன், வேர்வைகூட இருக்காது. மார்க்கெட் முக்கைத் தாண்டினேன். கேட்டுக்குப் போகிற மேடு தொடங்கியது, பெரிய மேடு இல்லை, கண்ணுக்கே தெரியாத மேடு. அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. துருத்தி ஊதுகிற மாதிரி, இடையிடையே விசில் கலந்து. யாரோ பழைய வண்டிக்காரன் பின்னாலேயே வருகிறான் என்று ஓரமாக ஒதுங்கினேன். அவனும் ஒதுங்கினான். திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் யாரும் இல்லை.

என் மூச்சுதான் அது. இத்தனை நாள் பட்டன் டயர் போட்ட இரைச்சலில் அது கேட்கவில்லை. டயர் சத்தம் போனதும் தனியாக நின்று கேட்கிறது. மிதியை நிறுத்தினேன், சைக்கிள் அதுபாட்டுக்குக் கொஞ்ச தூரம் ஓடியது, நெஞ்சுக்குள்ளே விசில் நிற்கவில்லை. கேட்டு வரைக்கும் போகவில்லை, வேப்பமரத்து நிழலில் காலை ஊன்றி நின்றுகொண்டேன். நிற்கும்போது வேண்டாத கணக்கெல்லாம் வந்தது. ஆடியில்தான் சைக்கிள் விட்டுப்போனது. ஆனால் ஆனியிலேயே இரண்டு தடவை நான் வரும்போது அவள் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எதிர்க்காற்று என்று சொல்லிக்கொண்டேன். வைகாசியில் ஒருநாள் பஸ்ஸும் நானும் ஒன்றாக வந்து சேர்ந்தோம், அன்றைக்கு பிரீவீல் சரியில்லை என்று புதுசு மாற்றினேன். பங்குனியில் செயினுக்கு எண்ணெய் இல்லை. ஒவ்வொரு மாதமும் சைக்கிளில் ஒரு சாமானைப் பிடித்து அதன்மேல் பழியைப் போட்டிருக்கிறேன், போட்டுப் போட்டுக் கடைசியில் டயரில் வந்து நிற்கிறேன். இனி மாற்றுவதற்குச் சைக்கிளில் சாமான் இல்லை. இந்த டயர் பத்து நிமிஷம் மிச்சம் பண்ணித் தரும், நல்ல டயர், பொய் சொல்லக்கூடாது. மீதிப் பதினஞ்சு நிமிஷம் என் நெஞ்சுக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் அது இருபது நிமிஷம் ஆகும். அவள் படியில் நின்று கீழே பார்ப்பாள், நான் காற்றாலை பக்கம் வந்துகொண்டிருப்பேன். அவள் விழுவாள், அவன் தூக்குவான். அல்லது நானே காற்றாலை பக்கம் விழுவேன், அவள் பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், டயர் பஞ்சர் போல என்று நினைத்துக்கொண்டு.

திரும்பும்போது மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டு வந்தேன். ஞானதுரை கடை வாசலுக்கு வந்துவிட்டான். "என்னண்ணாச்சி, தள்ளிக்கிட்டு வாரீங்க? காத்து இறங்கிட்டா?" "இல்ல, அருமையா ஓடுது. வெண்ணெய் மாதிரி." "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. வெள்ளிக்கிழமை உங்க மச்சினனுக்குப் புழுதிதான்." "முந்த முடியாதுப்பா" என்றேன். சொன்னதும் காது அடைத்துத் திறந்த மாதிரி இருந்தது. அவன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான், பாதி குடித்தேன், மீதியை முகத்தில் விட்டுக்கொண்டேன். "சைக்கிள் இங்கனயே நிக்கட்டும் ஞானதுரை. பெறகு வந்து எடுத்துக்கிறேன், ஊருக்குள்ள கடை கண்ணிக்குப் போக வர ஆகும்." "அப்ப இன்னிக்கு ஊருக்கு எதுல போவீங்க?" கேட்டுவிட்டு அவனே என் முகத்தைப் பார்த்தான். ஊருக்கு எத்தனை பஸ் இருக்கிறது, யாருடையது என்பதெல்லாம் கோவில்பட்டியில் அவனுக்கும் தெரியும். அவன் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து அப்படியே மூடிக்கொண்டான். இருபது வருஷத்தில் ஞானதுரை ஒரு பேச்சை முழுங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். நடக்கும்போது கொண்டல்சாமியை மன்னித்துவிட்டேனா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். இல்லை. அது இருந்த இடத்தில் இருக்கிறது, அசையவில்லை. ஏறுவதற்கும் மன்னிப்பதற்கும் என்ன இருக்கிறது, ரயிலில் ஏறுகிறோம், ரயில்காரனை மன்னித்துவிட்டா ஏறுகிறோம். எந்தக் காலை வைத்து ஏறுவது என்று யோசித்தேன். வலது காலை வைத்து ஏறினால் மங்களம், புதுப் பெண் வீட்டுக்குள் வருகிற மாதிரி ஆகிவிடும். அந்த மரியாதையை அவன் வண்டிக்குக் கொடுக்கமாட்டேன். இடது காலை வைத்துத்தான் ஏறுவேன். அப்படி முடிவு பண்ணியதும் நடை கொஞ்சம் லேசானது. சீனியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், முகம் துவைத்துப் போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது. "சைக்கிள் எங்க?" என்றாள். "கடையில நிக்கி" என்றேன். அவள் என் செருப்பைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையை என் பக்கம் வராமல் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு, நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்தாள். ஸ்டாப் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை. இந்தப் பிடி இவ்வளவு பலமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

பஸ் மூன்று இருபத்தஞ்சுக்கு வந்து நிற்கிறது. அவளைத் தூக்கிவிடுகிறேன். கண்டக்டர் வழக்கம்போல விசிலை வாயில் வைக்கிறான், நான் கம்பியைப் பிடிக்கிறேன், இடது கால், அப்புறம் வலது கால். விசில் அவன் வாயிலேயே நிற்கிறது. உள்ளே ரெக்சின் கிழிந்து தைத்திருக்கிறது, டீசல் வாசமும் மல்லிகை வாசமும் வேர்வையும் கலந்து அடிக்கிறது. முன்னால் கண்ணாடியில் இரண்டு கண் என்னைப் பார்க்கிறது. முடி நரைத்துவிட்டது அவனுக்கு, கட்டிலின் கால்மாட்டில் நின்றபோது இதை நான் பார்க்கவில்லை. அவளைச் சன்னலோரம் உட்கார வைத்துக் கட்டுப் போட்ட கை எதிலும் இடிக்காதபடி நான் ஒட்டி உட்காருகிறேன். பஸ் நகரவில்லை. பின்னால் ஒருத்தி, "என்னண்ணே, வண்டி எடுக்கலையா, ஆடு மாட்டைப் பத்த வேண்டாமா?" என்று கத்துகிறாள். கண்ணாடியில் அந்தக் கண் இன்னும் என்மேல்தான் இருக்கிறது, உதடு அசைகிறது, "அத்தான்..." என்று வருகிறது, அதற்கு மேல் வரவில்லை. பதினோரு வருஷமாக இவனிடம் என்ன பேசுவது என்று ராத்திரி பகலாகச் சேர்த்து வைத்திருந்தேன், ஒரு மூட்டை இருக்கும், ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "என்னைய என்ன பாக்க?" என்கிறேன். "ரோட்டைப் பாத்து ஓட்டு. பள்ளம் பாத்து மெதுவாப் போ, உள்ள உன் அக்கா இருக்கா." சீனியம்மாள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். தோள் குலுங்குகிறது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, நான் குனிந்து பார்க்கவும் இல்லை. அவன் கியரைப் போடுகிறான். தளும்பத் தளும்பப் பால் நிரப்பிய குடத்தை ஏற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி அவ்வளவு மெதுவாக ஓட்டுகிறான், அந்தப் பின் சீட்டுப் பொம்பளை வழி நெடுகத் திட்டிக்கொண்டே வருகிறாள். சீனியம்மாளின் தலை என் தோளில் சாய்ந்து கனக்கிறது. ஊர் வருகிறது. நான் முதலில் இறங்கித் திரும்பி நின்று இரண்டு கையையும் மேலே நீட்டுகிறேன். அவள் படிக்கு வந்து நின்று கீழே பார்க்கிறாள், அவசரமே படவில்லை. கொண்டல்சாமி என்ஜினை அணைத்துவிட்டு, நேரே பார்த்தபடி காத்திருக்கிறான்.